கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்: கிளை நூலகத்தைக் கணினிக்கு மாற்ற ஒரு வழிகாட்டி

எங்கள் நூலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குத் துணியில் உறை தைத்துப் போட்டோம். தூசி படக் கூடாதாம். வாரம் ஒரு முறை உறையை எடுப்போம், திரையைத் துடைப்போம், திரும்ப உறையைப் போட்டுவிடுவோம். சில வருஷம் கழித்து ஒரு தனியார் மென்பொருள் கிடைத்தது. இரண்டு பேர் 4 மாதம் உட்கார்ந்து 6,000 சொச்சம் புத்தகங்களை ஏற்றினோம். பிறகு மென்பொருள் கொடுத்தவர்கள் கடையை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். கம்ப்யூட்டரும் ஒருநாள் மண்டையைப் போட்டது. ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால், தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் புள்ளியும் கோடும் தலைகீழ்க் கேள்விக்குறியுமாக நிற்கிறது. ஒரு தலைப்பைக்கூடப் படிக்க முடியவில்லை.

அந்த 4 மாதத்தை இன்னொருவர் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கிளை நூலகத்துக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ புதிதாகப் பொறுப்பேற்றவர்கள், வாசகர் வட்டத்தில் இருந்துகொண்டு நூலகருக்கு ஒத்தாசை செய்ய நினைப்பவர்கள், ஊரில் சொந்தமாகப் படிப்பகம் நடத்துபவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும். 5,000 முதல் 20,000 புத்தகம் வரை உள்ள இடங்களுக்கான கணக்கு இது. அண்ணா நூற்றாண்டு நூலகம், கன்னிமாரா மாதிரி பெரிய இடங்களின் கதை வேறு.

நூலகத்துக்குத் தொழில்நுட்பம் ஒன்றும் புதுசு இல்லை. 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அதே வருஷம்தான் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கான தன் ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது ஐந்தாவது விதி. வளரட்டும், சரி. எதில் முதலில் வளர்வது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். இயந்திரம் ஐந்தாறு வருஷத்தில் பழசாகிவிடும். மென்பொருளும் மாறும். புத்தகப் பட்டியல் மட்டும் சுத்தமாக இருந்துவிட்டால் எதிலிருந்து எதற்கு வேண்டுமானாலும் தாவலாம். அதனால் கீழே பட்டியலுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றதைக் கொஞ்சம் வேகமாகவே சொல்லிக்கொண்டு போவேன்.

படி 1: இரண்டு வாரம் சும்மா கவனியுங்கள்

கவுண்டரில் ஒரு 40 பக்க நோட்டு வையுங்கள். யார் வந்து என்ன கேட்டாலும் ஒரு வரி எழுதுங்கள். பெயர் வேண்டாம், கேள்வி மட்டும் போதும். "இந்தப் புத்தகம் இருக்கா?", "போன் சார்ஜ் போட இடம் இருக்கா?", "ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கலாமா?", "பழைய குரூப் 4 கொஸ்டின் பேப்பர் இருக்கா?" என்று வந்துகொண்டே இருக்கும்.

எங்கள் நோட்டில் "இந்தப் புத்தகம் இருக்கா?" முதலிடம், பிளக் பாயிண்ட் இரண்டாமிடம். மின்புத்தகம் படிக்கக் கருவி வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாங்களோ அப்போது ஊர்க்காரர் ஒருவர் தந்த பணத்தில் இரண்டு டேப்லெட் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். நோட்டைப் புரட்டிப் பார்த்த பிறகு அந்தப் பணம் எலக்ட்ரீஷியனுக்குப் போனது. வாசிப்பு மேசைகளின் ஓரமாக எட்டு பிளக் பாயிண்ட் வைத்தோம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள் அன்றிலிருந்து மதியத்தோடு கிளம்பிப் போவதில்லை.

உங்கள் ஊரில் பட்டியல் வேறு மாதிரி வரலாம். எப்படி வந்தாலும் இந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். மாவட்ட நூலக அலுவலரிடம் எதையாவது கேட்டுப் போகும்போது "வாசகர்கள் விரும்புகிறார்கள்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "இரண்டு வாரத்தில் இத்தனை பேர் கேட்டார்கள்" என்று நோட்டை விரித்துக் காட்டுவது வேலை செய்யும். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. நூலகத்துக்கு என்று மக்கள் தரும் பணம் இருக்கிறது, அதிலிருந்து கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

படி 2: அலமாரியிலிருந்து தொடங்குங்கள்

பலரும் செய்யும் தவறு, வாங்கிய ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் எண் போட்டு எழுதிவைக்கும் அக்செஷன் ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு முதல் எண்ணிலிருந்து தட்டச்சு செய்ய ஆரம்பிப்பது. நாங்களும் முதல் தடவை அப்படித்தான் செய்தோம். ரிஜிஸ்டரில் இருப்பது ஒருகாலத்தில் வாங்கிய புத்தகங்களின் கணக்கு. அதில் தொலைந்தது, கரையான் தின்றது, கல்யாணமாகிப் போன பெண் எடுத்துக்கொண்டு போனது எல்லாம் சேர்ந்தே இருக்கும். அதை அப்படியே ஏற்றினால், இல்லாத புத்தகத்தை இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். இரண்டு முறை அப்படித் தேடி ஏமாந்த வாசகர் மூன்றாம் முறை கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டார்.

ஆகவே ஓர் அலமாரி, ஒரு தட்டு என்று எடுத்துக்கொண்டு, கையில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ரிஜிஸ்டரைச் சரிபார்க்க மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை கிழிந்தது, பக்கம் உதிர்ந்தது, பத்து வருஷத்துக்கு முந்தைய பொது அறிவு வழிகாட்டி இவற்றைத் தனியாக எடுத்து அடுக்கிவிடலாம். அரசு நூலகம் என்றால் நீங்களாகக் கழிவு செய்ய முடியாது. பட்டியல் போட்டு மேலிடத்து அனுமதி வாங்க வேண்டும். அது வரும் வரை அவற்றைத் தட்டச்சு செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஆனால் ஒன்று, பழசாக இருக்கிறது என்பதற்காக உள்ளூர் எழுத்தாளர் சொந்தக் காசில் அச்சடித்த புத்தகத்தையும் கோயில் கும்பாபிஷேக மலரையும் அந்தக் குவியலில் தள்ளிவிடாதீர்கள். அவற்றுக்குப் பிறகு வேலை இருக்கிறது.

படி 3: பட்டியல்

இதற்கு எந்த நூலக மென்பொருளும் வேண்டாம். எக்செல் போதும். காசு கொடுக்காமல் கிடைக்கும் லிப்ரெஆபிஸ் இன்னும் நல்லது. அக்செஷன் எண், தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் அல்லது பதிப்பாசிரியர், பதிப்பகம், ஆண்டு, பகுப்பு எண், விலை, மொழி, எந்த அலமாரி, குறிப்பு என்று 11 பத்திகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதிக்கு ஒரு வரி. ஒரே புத்தகம் மூன்று பிரதி இருந்தால் மூன்று வரி.

பழகிய கைக்கு மணிக்கு 30 புத்தகம் ஓடும். 10,000 புத்தகம் என்றால் இரண்டு பேர் நாளைக்கு 3 மணி நேரம் உட்கார்ந்து கிட்டத்தட்ட இரண்டு மாதம். வாசகர் வட்டத்தில் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு மாதத்தில் முடியும். ஆனால் ஆளுக்கு ஒரு மாதிரி தட்டச்சு செய்தால் வேலை இரட்டிப்பாகும். முதல் நாளே உட்கார்ந்து சில விஷயங்களைப் பேசி முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எங்கள் சுவரில் ஒட்டியிருந்தவற்றில் முக்கியமானதைச் சொல்கிறேன்.

யூனிகோடு மட்டுமே. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே மாதிரி புரியும் எழுத்துக் குறியீட்டு முறை அது. பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துரு பழகியிருப்பார்கள். அந்தப் பழைய எழுத்துருக்களில் கம்ப்யூட்டர் உண்மையில் சேமிப்பது தமிழை அல்ல. ஏதோ ஆங்கில எழுத்தையும் குறியையும் சேமித்துவிட்டு, திரையில் தமிழ் வேஷம் போட்டுக் காட்டும். எழுத்துரு போனால் வேஷமும் கலைந்துவிடும். எங்கள் 6,000 பதிவுகளுக்கு நடந்தது அதுதான். இரண்டாம் முயற்சியின்போது எழுத்துரு மாற்றி ஒன்றைப் போட்டுப் பார்த்ததில் அதில் பாதி தேறியது. மீதியை அலமாரியில் பார்த்துத்தான் திரும்ப ஏற்றினோம். தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய விசைப்பலகைதான் கைக்கு வரும் என்கிறவர்களுக்கும் கவலை இல்லை. விசைப்பலகை அமைப்பைப் பழையபடியே வைத்துக்கொண்டு யூனிகோடில் எழுதும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

யூனிகோடிலும் கண்ணை ஏமாற்றும் விஷயங்கள் உண்டு. "ஔவையார்" என்பதை நிறையப் பேர் "ஒ" போட்டு "ள" போட்டுத் தட்டுவார்கள். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கம்ப்யூட்டருக்கு அது "ஒள-வையார்". சரியான ஔ போட்டுத் தேடுபவருக்கு அந்தப் புத்தகம் கிடைக்கவே கிடைக்காது. துணைக்காலுக்குப் பதில் "ர" போடுவது இன்னொன்று. தமிழ் எண் ஏழும் "எ" என்ற எழுத்தும் அச்சு அசலாக ஒன்று போலவே இருக்கும். எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டும்போது அப்படி ஒன்று நுழைந்துவிட்டால் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வாரம் ஒரு முறை பத்துப் பதிவுகளைத் தேடிப் பார்த்தால் இவை சிக்கும்.

அப்புறம் பெயர். இதில்தான் தமிழ்ப் பட்டியல்கள் பெரும்பாலும் சறுக்குகின்றன. மு.வ. புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டையில் "மு.வ." என்று இருக்கும், இன்னொன்றில் "டாக்டர் மு.வ.", வேறொன்றில் "மு. வரதராசன்", பிறகு "மு. வரதராசனார்". அட்டையில் உள்ளபடியே நால்வர் நான்கு விதமாக ஏற்றினால், கம்ப்யூட்டர் கணக்கில் அவர் நான்கு ஆள். "வரதராசனார், மு." என்று ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு, "மு.வ." என்று தேடினாலும் இங்கே வரும்படி மென்பொருளில் ஒரு வழிகாட்டிப் பதிவு போட்டுவிடலாம். புனைபெயர்க்காரர்களுக்கு அட்டையில் இருக்கும் புனைபெயரையே முதன்மையாக வையுங்கள். வாசகர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்.

இனிஷியலுக்குப் பின் புள்ளி, புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி. இது அற்பமாகத் தோன்றும். "ரா.கி." என்பதும் "ரா. கி." என்பதும் கம்ப்யூட்டருக்கு வேறு வேறு என்று தெரிந்த நாளில் அற்பமாகத் தோன்றாது. டாக்டர், புலவர், திரு, கவிஞர் போன்ற பட்டங்களை ஆசிரியர் பத்தியில் போடவே வேண்டாம். புலவர்கள் கோபித்துக்கொண்டால் குறிப்புப் பத்தியைக் காட்டுங்கள்.

எக்செல் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டும் இடங்களும் இருக்கின்றன. புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் டியூயி பகுப்பில் கலைக்களஞ்சியங்களுக்கு 030. எக்செல் முன்னால் உள்ள சுழியத்தைத் தின்றுவிட்டு 30 என்று எழுதிவைக்கும். அக்செஷன் எண்ணுக்கும் இதே கதிதான். ஆகவே தட்டச்சு தொடங்கும் முன்பே எல்லாப் பத்திகளையும் "டெக்ஸ்ட்" என்ற வகைக்கு மாற்றிவிடுங்கள். சேமிக்கும்போது சாதாரணக் கோப்போடு, பெரும்பாலான மென்பொருள்களில் திறக்கக்கூடிய சிஎஸ்வி வடிவிலும் ஒரு பிரதி எடுங்கள். அதில் யுடிஎஃப்-8 என்று சொல்லும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு வகையில் சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

அகர வரிசையில் அடுக்கிப் பார்த்துவிட்டு "வ"வுக்கு முன்னால் "ழ" நிற்கிறதே என்று பதற வேண்டாம். யூனிகோடில் எழுத்துகளுக்கு எண் கொடுத்த வரிசை அப்படி. தமிழ் வரிசை தெரிந்த மென்பொருள் சரியாக அடுக்கிக்கொள்ளும். உங்கள் தட்டச்சில் பிழை இல்லை.

படி 4: மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

அரசு நூலகத்தில் இருப்பவர்கள் தனியாக எதையும் நிறுவுவதற்கு முன் மாவட்ட மைய நூலகத்தில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். அங்கே இருப்பதிலேயே உங்கள் கிளையையும் சேர்க்க முடிந்தால் பாதி தலைவலி போச்சு. தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய ஈ-கிரந்தாலயா அரசு நூலகங்களுக்கு இலவசம், அதையும் விசாரியுங்கள்.

தனிப் படிப்பகம் நடத்துகிறவர்களுக்கு என் சிபாரிசு கோஹா. இதன் கதை எனக்குப் பிடிக்கும். நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற வட்டாரத்து நூலகங்களில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் 2000-ஆம் ஆண்டு பிறந்தால் தேதிக் குழப்பத்தில் படுத்துவிடும் என்று 1999-ல் தெரிந்தது. இன்னொரு கம்பெனியிடம் போய் நிற்பதற்குப் பதில் தங்கள் நாட்டு நிறுவனம் ஒன்றை வைத்துத் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டார்கள். 2000 ஜனவரியில் அது ஓட ஆரம்பித்தது. பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் கொடை. வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்வார் என்ற எண்ணத்தோடு தருவது. நம் ஊர் மொய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்று உலகம் முழுக்க ஓடுகிறது.

இலவசம் என்பதால் செலவே இல்லை என்று நினைக்காதீர்கள். கோஹா லினக்ஸில்தான் ஓடும். நிறுவித் தரவும் வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். பக்கத்தில் உள்ள கல்லூரி நூலகரைப் பிடியுங்கள். பல கல்லூரிகளில் கோஹா ஏற்கெனவே ஓடுகிறது. உங்கள் எக்செல் பட்டியலைக் கோஹாவுக்குப் புரியும் மார்க் வடிவத்துக்கு மாற்ற மார்க்எடிட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. முதலில் 20 பதிவுகளை மட்டும் மாற்றி ஏற்றிப் பாருங்கள். எந்தப் பத்தி எங்கே போய் உட்கார்கிறது என்று தெரிந்த பிறகு மொத்தத்தையும் ஏற்றலாம்.

2,000 புத்தகம் மட்டுமே உள்ள ஊர்ப்புற நூலகத்துக்குக் கோஹாவெல்லாம் வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்த எக்செல் பட்டியலையே இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தால் போதும். கொசுவுக்குப் பீரங்கி எதற்கு?

யாராவது விற்க வந்தால், வசதிகளை அவர் அடுக்கி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு நாங்கள் வேறு மென்பொருளுக்குப் போனால், எல்லாப் பதிவுகளையும் யூனிகோடில் நாங்களே வெளியே எடுத்துக்கொள்ளலாமா? இப்போதே எடுத்துக் காட்டுங்கள்." காட்டினால் மேலே பேசுங்கள். "அதெல்லாம் நாங்க பண்ணித் தர்றோம் சார்" என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

படி 5: பார்கோடு

யுஎஸ்பியில் செருகும் சாதாரண ஸ்கேனர் 2,000 ரூபாய் சுற்றில் கிடைக்கும். அது கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரிதான். வாங்கி வந்ததும் நோட்பேடைத் திறந்து ஏதாவது பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேன் செய்து பாருங்கள், எண் வந்து விழும். கீபோர்டு போலவே என்பதால் ஒரு வேடிக்கையும் நடக்கும். கம்ப்யூட்டர் தமிழ்த் தட்டச்சு நிலையில் இருக்கும்போது ஆங்கில எழுத்து உள்ள பார்கோடை ஸ்கேன் செய்தால் தமிழ் எழுத்துகள் வந்து விழும். மென்பொருள் "அப்படி ஒரு புத்தகமே இல்லை" என்று கையை விரிக்கும். அதனால் பார்கோடில் எண்கள் மட்டும் போதும். அக்செஷன் எண்ணையே பார்கோடு எண்ணாக வைத்துவிடுங்கள். புத்தகத்தின் பின்னட்டையில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும் பார்கோடு உதவாது. மூன்று பிரதிக்கும் அதில் ஒரே எண்தான் இருக்கும். பழைய தமிழ்ப் புத்தகங்களில் அதுவும் கிடையாது.

லேசர் பிரிண்டரில் அச்சடியுங்கள். இங்க்ஜெட் மை ஈரக் கை பட்டால் கலங்கிவிடும். கடையில் பில் அடிக்கும் சூட்டுத்தாள் லேபிள் சில வருஷத்தில் மங்கி வெள்ளையாகிவிடும். ஒட்டியபின் மேலே ஒளி ஊடுருவும் டேப் ஒரு துண்டு போடுங்கள்.

ஒட்டும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அக்செஷன் எண்ணைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் லேபிள் எண்ணைச் சொல்லி ஒட்ட வேண்டும். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரு புத்தகத்தைத் தாண்டிவிட்டோம். அதற்குப் பின்னால் வந்த அத்தனை புத்தகத்திலும் பக்கத்துப் புத்தகத்தின் லேபிள். கண்டுபிடித்தபோது இரண்டு அலமாரி முடிந்திருந்தது. ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கி உரித்தோம், அன்று எங்கள் வாசகர் வட்டத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்ளவில்லை. 25 புத்தகத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கடைசிப் புத்தகத்தை ஸ்கேன் செய்து திரையில் அதே தலைப்பு வருகிறதா என்று பாருங்கள்.

ஆர்எஃப்ஐடி இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் சில்லு, வாசலில் கதவு என்று செலவு ஏறும். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது இரவல் நடக்கும் இடத்துக்குப் பார்கோடே தாராளம்.

படி 6: இரவலை மாற்றும் நாள்

பழைய சீட்டு முறையையும் கம்ப்யூட்டரையும் மாதக்கணக்கில் சேர்த்து ஓட்டாதீர்கள். இரண்டிலும் எழுத வேண்டும் என்றால் இரண்டிலும் அரைகுறையாகத்தான் எழுதுவோம். இரண்டு வாரம் போதும். அதற்கு முன்பே அறிவிப்புப் பலகையில் போட்டு, வெளியே போயிருக்கும் புத்தகங்களை முடிந்த வரை வரவழையுங்கள்.

கரண்ட் போகும் ஊர் என்றால் ஒரு யுபிஎஸ், கூடவே கவுண்டரில் ஒரு தாள். உறுப்பினர் எண், புத்தக எண், தேதி என மூன்று கட்டம் போதும். கரண்ட் வந்ததும் ஏற்றிவிட்டுத் தாளில் டிக் அடியுங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டை மட்டும் நிறுத்த வேண்டாம். திருப்பித் தரும் தேதியை வயதானவர்கள் அதில்தான் பார்க்கிறார்கள்.

உறுப்பினர் விவரத்தில் பெயர், முகவரி, போன் எண் போதும். ஆதார் நகல் வாங்கிக் கோப்பில் சேர்த்து வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அடையாளம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வைத்திருந்தால் அதைக் காப்பாற்றும் பொறுப்பும் உங்கள் தலையில் விழும். யார் என்ன படித்தார் என்ற பழைய பதிவுகளையும் அப்படித்தான், புத்தகம் திரும்பி வந்து கணக்கு முடிந்தபின் அழித்துவிடும்படி கோஹாவில் அமைக்கலாம். ஒரு பெண் விவாகரத்துச் சட்டம் பற்றிய புத்தகம் எடுத்துப் போனாள் என்பது அவளோடு நிற்க வேண்டிய விஷயம்.

படி 7: வாசகருக்கு ஒரு கம்ப்யூட்டர்

பட்டியலைத் தேட ஒன்றும், மற்ற வேலைக்கு ஒன்றும் தனித்தனியாக இருந்தால் நல்லது. மற்ற வேலை என்றால் பெரும்பாலும் தேர்வு விண்ணப்பம், சான்றிதழ், ஹால் டிக்கெட். இதில் வாசகர் கடவுச்சொல், போனுக்கு வரும் ஓடிபி எல்லாம் நுழையும். எழுந்து போகும்போது எல்லாம் தானாக அழியும்படி விருந்தினர் கணக்கில் மட்டும் விடுங்கள். ஓடிபியை நீங்கள் வாங்கிப் போட்டுக் கொடுக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.

அதே கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை நிறுவிவிடுங்கள். இலவசம். தமிழ் யூனிகோடையும் வாசிக்கும். குரல் கொஞ்சம் ரோபோ மாதிரி இருக்கும், ஆனால் பார்வையற்ற வாசகர் ஒருவர் யார் உதவியும் இல்லாமல் உங்கள் பட்டியலைத் தேடிவிடுவார். 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்குப் புத்தகத்தை மாற்றித் தர அனுமதிக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற பிள்ளைக்குப் பாடப் பகுதியை ஸ்கேன் செய்து கொடுப்பதில் தயக்கம் வேண்டாம்.

படி 8: மின்நூல்கள்

வாங்குவதற்கு முன், ஏற்கெனவே இலவசமாக இருப்பதைக் காட்டுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், விக்கிமூலம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம், மற்றப் பாடங்களுக்கு ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகம். இவற்றின் முகவரிகளைக் க்யூஆர் கட்டமாக அச்சடித்து, பொருத்தமான அலமாரியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். சங்க இலக்கியத் தட்டில் மதுரைத் திட்டம், இலங்கை எழுத்தாளர்கள் தட்டில் நூலகம் தளம் என்று. நுழைவாயிலில் மொத்தமாக ஒட்டினால் யாரும் பார்ப்பதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் புதுப் புத்தகங்களின் பிடிஎஃப் சுற்றும், "நூலகத்து குரூப்புல போடுங்க" என்று கேட்பார்கள். போடாதீர்கள். ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1965-ல் இறந்தவர் என்றால் 2025 முடிய. நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்துகளுக்கு இந்தக் கணக்கு இல்லை.

நீங்களே ஸ்கேன் செய்ய வேண்டியது, வேறு எங்கும் இல்லாதவற்றை. படி 2-ல் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேனே, அந்தக் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், நின்றுபோன உள்ளூர்ச் சிற்றிதழ். 300 டிபிஐ-யில், வண்ணத்தில், அட்டை முதல் பின்னட்டை விளம்பரம் வரை எடுங்கள். விளம்பரத்தில்தான் ஊரின் பழைய கடைகள் இருக்கும். கோப்புப் பெயரை ஆண்டு, ஊர், வரிசை எண் என்று ஒரே முறையில் வையுங்கள். வெளியிட்டவர்களிடமோ குடும்பத்தாரிடமோ ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு இணையத்தில் ஏற்றுங்கள்.

படி 9: நகல்

2023 அக்டோபரில் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் லைப்ரரியை இணையத் திருடர்கள் முடக்கினார்கள். அவ்வளவு பெரிய நூலகத்தின் பட்டியலே அடுத்த ஜனவரி வரை இணையத்தில் இல்லை. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. நமக்கு அந்த அளவுக்கு வேண்டாம், மழையில் ஒழுகும் கூரையே போதும்.

மாதம் முதல் திங்கட்கிழமை பட்டியலையும் உறுப்பினர் விவரத்தையும் வெளியே எடுங்கள். ஒரு பிரதி நூலகத்துக் கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில் வேறு கட்டிடத்தில், ஒன்று கடவுச்சொல் போட்டு இணையச் சேமிப்பில். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அந்தப் பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் செருகித் திறந்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பி இருந்தவர்களில் நானும் ஒருவன்.

கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி பீரோவில் வையுங்கள். மாற்றலாகிப் போகும்போது அடுத்தவருக்குக் கொடுக்க அதுதான் முதல் பொருள். அக்செஷன் ரிஜிஸ்டரை மட்டும், எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தணிக்கைக்கு வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.